மாயூரம் முனிசீப்பின் அழைத்தல்

‘தேவ அழைத்தல்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களின் நினைவில் எழுவன குருமடமும் கன்னியர் மடமுமே. எழுத்தும் ஓர் அழைத்தலாகலாம் அன்றோ என்று வினவினால், தயங்காமல் வீரமாமுனிவரைச் சுட்டுவர். அது சரியே. ஆயினும் அவர் துறவி. மறைப்பணிக்கெனத் தமிழ் கற்றவர். 1726இல் தேம்பாவணியை நிறைவுசெய்தபோது அவருடைய குருத்துவமும் கவித்துவமும் ஒரே பணியின் இரு கைகளாகவே இருந்தன. குடும்பமும் உத்தியோகமும் உடைய ஒரு கத்தோலிக்க இல்லறத்தான், விசுவாசத்தின் வழியே தன் எழுத்துப் பணியைக் கண்டடைவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடும்போதெல்லாம் என் எண்ணம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையிடமே சென்று நிற்கிறது.

1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளிச் சீமையைச் சேர்ந்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் அவர். தமிழையும் ஆங்கிலத்தையும் நன்கு கற்று, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் பதிவேடுகளைக் காக்கும் வேலையில் அமர்ந்தார். பின்னர் அங்கேயே மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் முனிசீப் பதவி கிட்டியது. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என ஊர்கள் மாறின. மாயூரத்தில்தான் நெடுங்காலம் இருந்தார். அவ்வூர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அந்நாளைய நீதிமன்றத்தைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நிலத்துக்காகவும் கடனுக்காகவும் வழக்காட வந்த குடியானவன் தமிழன், எதிர்வழக்காடியும் தமிழன். அவர்களது தலைவிதியை முடிவுசெய்யும் சட்டமும் மேல்மன்றத் தீர்ப்புகளுமோ ஆங்கிலத்தில் இருந்தன. தனக்கு ஏன் நீதி கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்பதைக்கூட அறியாமல் அவன் வீடு திரும்பினான். மொழிபெயர்ப்பாளராக இரு மொழிகளுக்கும் இடையே நின்றவருக்கு இக்கொடுமை மிக அண்மையில் தெரிந்திருக்கும். 1805 முதல் 1861 வரையிலான மேல்மன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் 1862இல் அவர் வெளியிட்டார். அந்நூலை இலக்கியம் என்று எவரும் சொல்லார். எனினும் அவருடைய எழுத்தின் வேரை அறிய விரும்புவோர் முதலில் நோக்க வேண்டியது அதனையே என்பது என் துணிபு.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, நீதிபதியின் இருக்கையில் அமர்ந்து இரண்டே ஆண்டுகளான 1859இல், ‘நீதிநூல்’ வெளிவந்துவிட்டது. தலைப்பைக் கவனியுங்கள். பகலெல்லாம் நீதி வழங்கியவர், இரவில் நீதியைப் பாடினார். கடவுள் உண்டு என்பதில் தொடங்கும் அந்நூல் கைக்கூலியைக் கடிவதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்குகிறது. நகர வாயிலில் நீதி விலைக்கு விற்கப்பட்டதைக் கண்டு சினந்த ஆமோஸ் இறைவாக்கினரை விவிலியத்தில் படிக்கிறோம். ஆமோஸ் வாயிலுக்கு வெளியே நின்று முழங்கினார். வேதநாயகரோ வாயிலுக்கு உள்ளே, கைக்கூலி நீட்டப்படும் இருக்கையிலேயே அமர்ந்திருந்தவர். அங்கிருந்துகொண்டு அதனை எழுதுவது வேறொரு துணிவு. தன் தீர்ப்புகளையே சோதனைக்கு உட்படுத்தும் துணிவு.

இங்கே நம்மவரிடையே எழும் ஓர் ஐயத்தைப் பேசியாக வேண்டும். தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை, பெரியநாயகி அம்மன் பதிகம் முதலியவற்றைப் பாடிய வேதநாயகரைக் கிறித்தவ எழுத்தாளர் என்று ஏற்போர், நீதிநூலையும் நாவல்களையும் பொதுநூல்கள் எனத் தள்ளிவைப்பதுண்டு. 1878இல் வெளிவந்த ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ பலருக்கு இன்னும் சங்கடம் தருகிறது. எச்சமயத்தாரும் பாடத்தக்கதாக அவர் கடவுளைப் பாடினாரே, அவருடைய விசுவாசம் அங்கே நீர்த்துப் போயிற்றோ என்பது அவர்கள் கேள்வி.

அவருக்கு ஓராண்டு இளையவரான கிருஷ்ண பிள்ளையை அருகே வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் சீர்திருத்தச் சபையில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். புதிதாகக் கண்டடைந்த ஆண்டவருக்குத் தம் புலமை முழுவதையும் காணிக்கையாக்கினார். பனியனின் கதையைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பிறந்தது. வெளியிலிருந்து ஆலயத்துக்குள் நுழைந்தவரின் எழுத்து அது. பீடத்தை நோக்கியே நடக்கும். வேதநாயகரோ ஆலயத்துக்குள்ளேயே பிறந்தவர். திருப்பலி முடிந்து கதவு திறந்ததும் கடைத்தெருவை நோக்கி நடப்பது அவருடைய எழுத்து. இரண்டும் ஒரே ஆலயத்தின் இரு வாசல்கள். ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை.

உலகக் காரியங்களில் ஈடுபட்டு, அங்கிருந்தே உலகைப் புளிப்பு மாவுபோல் புனிதப்படுத்துவது பொதுநிலையினரின் அழைத்தல் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய ஏட்டில் 1964இல் கூறிற்று. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ளவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்ற அறிக்கை 1965இல் வந்தது. மாயூரம் முனிசீப்பின் கீர்த்தனைகள் அச்சேறி அப்போது 87 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் சங்கத்தை முன்னறிந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பல சமயத்தாரும் வழக்காட வந்து நின்ற மன்றத்தில் நாள்தோறும் அமர்ந்தவர், எல்லோருக்கும் தந்தையான ஒருவரைத் தேடியது இயல்பே அன்றோ?

படூர் வழியாகச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில் இன்று கணினி நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே பணிபுரியும் நம் இளைஞர் சிலர், எழுதும் ஆசை இருந்தும் வேலை விடவில்லை என்கின்றனர். அவர்களுக்கு நான் சொல்வது இம்முனிசீப்பின் கதையைத்தான். வேலை அவருக்குத் தடையாக நிற்கவில்லை. எழுதும் பொருளையே அதுதான் தந்தது.

1872இல் அவர் பதவியிலிருந்து விலகினார். ஏழாண்டுகள் கழித்து, 1879இல், தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையை நீக்கவே அதனை எழுதியதாக முன்னுரையில் குறிப்பிடுகிறார். கதையின் உயிர் பிரதாபன் அல்லன். அவன் மனைவி ஞானாம்பாள். ஆண்வேடம் பூண்டு, அரசுரிமை பெற்று, நாட்டையே ஆள்கிறாள் அப்பெண். ‘பெண்மதி மாலை’ பாடிப் பெண்கல்விக்கு வாதாடியவர் அவளை அரியணையில் ஏற்றியதில் வியப்பில்லை. வழக்கறிஞர்கள் தமிழில் வாதாட வேண்டும் என்ற பழைய ஏக்கமும் இந்நாவலில் குரல் பெறுகிறது. கதை நின்றுபோய் உபதேசம் நடக்கும் இடங்கள் நிரம்ப உண்டு. மறையுரை ஆற்றியே பழகிய எனக்கும் சில பக்கங்கள் நீளமாகவே தோன்றுகின்றன. ஆயினும் அவருடைய நகைச்சுவை கைகொடுத்து நம்மை அடுத்த பக்கத்துக்கு இழுத்துச் செல்லும். 1887இல் ‘சுகுண சுந்தரி’ வந்தது. 1889 ஜூலை 21இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நாவல் வெளிவருவதற்குச் சற்று முன்னர் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீண்ட அக்கொடும் பஞ்சத்தில் வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவருடைய நண்பர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக் கோவை பாடியவர். நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்தருகே வாழ்ந்த சைவர், வறியவர், எவரிடமும் எதையும் வேண்டி நில்லாதவர். கஞ்சித் தொட்டிகளைக் கண்ட அவர் மனம் நெகிழ்ந்து, அந்தக் கத்தோலிக்க முனிசீப்பை மனிதருள் மேரு என்று போற்றி ஒரு கீர்த்தனை பாடினார்.