வத்தலக்குண்டு தந்த ஆசிரியர்கள்

பழனி மலையின் அடிவாரத்தில், கொடைக்கானல் ஏறும் வழியில் வத்தலக்குண்டு. அந்த ஊர் பத்திரிகை ஆசிரியர்களைத் தந்தது. 1872இல் அங்கே பிறந்த ராஜம் ஐயர் ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில இதழின் முதல் ஆசிரியர், 26 வயதில் மறைந்தார். அடுத்த தலைமுறையில் பி.எஸ். ராமையா. ‘மணிக்கொடி’யை நடத்திய அவரைச் சினிமா விழுங்கிவிட்டது, நட்சத்திர மோகத்தின் முன் இலக்கியப் பத்திரிகை தோற்றது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்தக் கூற்று நிற்காது. பத்திரிகைத் தொழில் சோறு போடாமல் கைவிட்ட பிறகுதான் சினிமா அவரை ஏற்றுக்கொண்டது.

1933இல் ஸ்டாலின் சீனிவாசனும் வ.ரா.வும் டி.எஸ். சொக்கலிங்கமும் அரசியல் வார இதழாகத் தொடங்கிய ‘மணிக்கொடி’ இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1935இல் ராமையா அதைச் சிறுகதைக்கே உரிய மாதமிருமுறை இதழாக்கினார். புதுமைப்பித்தனும் கு.ப.ரா.வும் ந. பிச்சமூர்த்தியும் அதில் எழுதினார்கள். மணி என்ற இளைஞரை எழுத வைத்து, ‘மௌனி’ என்று பெயர் சூட்டி, அவருடைய கதைகளை 1936இல் வெளியிட்டதும் ராமையாதான். நல்ல ஆசிரியருக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 1938இல் அவர் விலக நேர்ந்தது; மறு ஆண்டே இதழும் நின்றது. அவர் எழுதிய ‘பூலோக ரம்பை’ 1940இலும் ‘மதனகாமராஜன்’ 1941இலும்தான் திரைக்கு வந்தன. நட்சத்திரங்களின் ஆட்சி உச்சிக்கு ஏறுவதற்கு முன்பே பத்திரிகை படுத்துவிட்டது.

அப்படியானால் ‘ஆனந்த விகடன்’ மட்டும் எப்படிச் செழித்தது, மட்டமான எழுத்தை விற்றா என்று கேட்கலாம். இல்லை. ராமையாவின் ‘மலரும் மணமும்’ பரிசு பெற்றதே விகடன் போட்டியில்தான். விகடனை நடத்திய எஸ்.எஸ். வாசன் விளம்பரத் தொழில் தெரிந்தவர். குறுக்கெழுத்துப் போட்டிகளால் விற்பனையைப் பெருக்கினார். கல்கியின் ‘தியாகபூமி’ 1939இல் விகடனில் அதன் திரைப்படக் காட்சிகளோடு தொடராக வந்தபோது பத்திரிகையும் திரையும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. ‘மணிக்கொடி’க்கு இல்லாமல் போனது அந்த வருமானம், வாசிப்பின் தரத்தில் அதற்குக் குறையே இல்லை. சினிமா ராமையாவின் எழுத்தைக் கெடுத்தது என்பாரும் உண்டு. ‘போலீஸ்காரன் மகள்’ நாடகத்தை எழுதியதும், பிற்காலத்தில் ‘தீபம்’ இதழில் ‘மணிக்கொடி காலம்’ எழுதி 1982இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றதும் அவரே என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அதே ஊர்க்காரரான சி.சு. செல்லப்பா இதற்கு நேர்மாறான வழியை எடுத்தார். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கியபோது 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை, கடையில் விற்பதில்லை, சந்தாதாரர்களுக்கு மட்டுமே என்று அறிவித்தார். இதை மேட்டிமை என்று குறைகூறுவது நியாயமல்ல. புதுக்கவிதை வேர்விட்டதும், விமர்சனம் தனித்துறையாக நின்றதும் அந்தச் சிறு வட்டத்துக்குள்தான். அந்த விளைச்சலை இன்றும் நாம் அனுபவிக்கிறோம். ஆனால் விளம்பரத்தையும் சந்தையையும் நம்பாத பத்திரிகை, ஆசிரியரின் கைக்காசை நம்ப வேண்டியதாயிற்று. 1970இல் 119 இதழ்களோடு அது நின்றது. எழுத்துப் பிரசுரப் புத்தகங்களைச் செல்லப்பா தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ராமையாவுக்காவது ஸ்டூடியோக்கள் இருந்தன. சினிமாப் பக்கமே போகாத செல்லப்பாவுக்கு அந்தப் புத்தகக் கட்டுதான் மிஞ்சியது.