ரூட்டர் வெட்டலகு

இக்கட்டுரை தச்சுக் கருவியின் உறுப்பைப் பற்றியது. கணினி வலையமைப்புக் கருவிக்குத் திசைவி கட்டுரையைப் பார்க்க.

ரூட்டர் வெட்டலகு என்பது ரூட்டர் பொறியில் பொருத்தப்பட்டுச் சுழன்று, மரத்தில் பள்ளம், விளிம்பு வளைவு, பூவேலை முதலியவற்றை வெட்டும் அலகு ஆகும். தச்சர்கள் இதனை ரூட்டர் பிட் என்பர். உலோக வேலைக்குரிய எண்ட் மில் தோற்றத்தில் இதனை ஒத்தது. எனினும் இரண்டும் வெவ்வேறு வேகங்களுக்காக வடிவமைக்கப்பட்டவை.

கைரூட்டர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10,000 முதல் 30,000 முறை சுழல்கிறது. 12 மி.மீ. விட்டமுள்ள அலகு 20,000 சுற்றில் இயங்கினால் அதன் விளிம்பு நிமிடத்திற்குச் சுமார் 750 மீட்டர் செல்லும். அதிவேக எஃகு அலகால் மென்னெஃகை வெட்ட ஏற்றது சுமார் 30 மீட்டரே. எனவே கைரூட்டரில் எஃகை வெட்ட முனைந்தால் அலகு சூடேறி மழுங்கும். உடைந்து தெறிக்கவும் கூடும். ஆனால் அலுமினியத்தை ஒற்றை விளிம்புடைய கார்பைடு அலகால், சிறிது சிறிதாக ஆழம் கொடுத்து வெட்டலாம்.

மர அலகுகளில் பெரும்பாலும் இரண்டு வெட்டு விளிம்புகளே உண்டு. நான்கு விளிம்புள்ள எண்ட் மில்லின் குறுகிய பள்ளங்களில் மரத்தூள் அடைத்துக்கொள்வதால் மரம் கருகும்.

சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் கதவு, நிலைகளுக்கு விரும்பப்படும் தேக்கில் சிலிக்கா உள்ளது. அது அதிவேக எஃகை விரைவில் மழுக்கும். இதற்கு டங்ஸ்டன் கார்பைடு முனையே ஏற்றது.

தண்டின் தடிமனையும் கவனித்தல் வேண்டும். 6 மி.மீ. தண்டைக் கால் அங்குலப் (6.35 மி.மீ.) பிடிப்பானில் மாட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் சுழற்சியில் அது நழுவி வெளியேறக்கூடும்.