மூன்றாவது பெயர்

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் சர்க்கரை நோய் பற்றி எழுதுவதற்காகப் பழைய ஆய்விதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இங்கே ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் பலர் விடியலில் வெறும் டீயோடு வேன் ஏறிவிடுகிறார்கள். பத்து மணிக்கெல்லாம் பசி கண்ணைக் கட்டும். அந்தப் பசியை மூட்டிவிடுவது எது? பதிலைத் தேடிப் போனபோது 1962ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் இரண்டே பக்கக் கட்டுரை ஒன்று கையில் சிக்கியது. எழுதியவர்கள் டெல்லி எய்ம்ஸைச் சேர்ந்த பி. கே. ஆனந்த், ஜி. எஸ். சினா, பல்தேவ் சிங்.

ஆனந்தை உடலியல் படித்தவர்கள் அறிவார்கள். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியைச் சிதைத்தால் எலி ஊதிப் பெருத்துவிடும் என்று ஹெதரிங்டனும் ரான்சனும் 1940இல் கண்டிருந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து ஆனந்த் 1951இல் அதன் மறுபாதியைக் கண்டார்: பக்கவாட்டுப் பகுதியை இருபுறமும் சிதைத்தால், தீனி முன்னால் கிடந்தாலும் எலி தொடுவதில்லை.

என்னை நிறுத்தியது மூன்றாவது பெயர். இந்திய நரம்பியல் சங்கத்தை 1951இல் தொடங்கிய நால்வர் ஜேக்கப் சாண்டி, பி. ராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங். இதில் சாண்டி எங்கள் ஊர்க்காரர் மாதிரி. மாண்ட்ரியலில் மூளை அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்து, 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியவர். ஆனால் பல்தேவ் சிங் என்பது பஞ்சாபில் ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் பெயர். பெயர் ஒன்றானால் ஆள் ஒன்றாகிவிடுமா?

முடிச்சை அவிழ்த்தது 1961இல் வெளியான இன்னொரு கட்டுரை. அதே மூவர், யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்திருந்தார்கள். அந்த வேலைக்கு மின்னலை வரைபடம் படிக்கத் தெரிந்த நரம்பியல் மருத்துவர் வேண்டும். சங்க நிறுவனரின் வாழ்க்கைக் குறிப்பு பொருந்திவிட்டது: சாண்டியோடு வேலூரில் பணியாற்றி, பிறகு டெல்லிக்குப் போய் எய்ம்ஸில் சேர்ந்தவர் அவர்.

ஆளை அறிந்தபின் 1962 கட்டுரையை மறுபடி படித்தேன். சிதைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூளையின் இரண்டு மையங்களிலும் மின்முனை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும் நடுவில் உள்ள ‘போதும்’ என்னும் மையம் சுறுசுறுப்பாகிறது, பக்கவாட்டில் உள்ள பசி மையம் அடங்குகிறது. சர்க்கரை இறங்கினால் நிலைமை தலைகீழ். ரத்தத்தின் கணக்கை மூளை நேரடியாகப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை அந்தக் காலத்துக் கட்டுரைகளில் நான் பார்க்கவில்லை.

ஆனந்துக்கு 1963இல் பட்நாகர் விருது கிடைத்தது. அது தகுதியான விருது. ஆனால் வேலூரின் மருத்துவ வரலாற்றைச் சொல்பவர்கள் பல்தேவ் சிங்கை நரம்பியலோடு நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை நோயின் வரலாற்றிலும் அவருக்கு ஒரு பத்தி சேர வேண்டும். 1964இல் ஒற்றை நரம்பணு வரைக்கும் இறங்கி அதே கேள்வியைக் கேட்ட கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது, ஐந்து பேரில் கடைசியாக.