மாயா அருள்பிரகாசம்: ஈழத்துப் பாடகியின் புலம்பெயர் பயணம்

மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் இலண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பாடகி, பாடலாசிரியர், ஓவியர். ‘எம்.ஐ.ஏ.’ என்னும் மேடைப்பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறார். போர்க்களத்தில் காணாமற்போனவரைக் குறிக்கும் இராணுவச் சொற்றொடரின் சுருக்கம் அது. அகதியாகச் சென்ற ஒரு சிறுமி, தன் இனத்தின் துயரை மேலைநாட்டு இசையுலகின் நடுமேடைக்குக் கொண்டு சென்ற வரலாறு இவருடையது.

பிறப்பும் இடப்பெயர்வும்

மாயா 1975 சூலை 18 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தை அருள்பிரகாசம், அதே ஆண்டு அந்நகரில் உருவான ‘ஈரோஸ்’ இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். ‘அருளர்’ என்பது அவரது இயக்கப்பெயர். ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவரும் அவரே. அவர் விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று சில ஊடகங்கள் எழுதியது தவறு. ஈரோஸ் தனி இயக்கம்.

மாயா ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தை தலைமறைவாக வாழ்ந்ததால், பிள்ளைகளைப் பார்க்க வரும்போது உறவினர் என்றே அவர் அறிமுகப்படுத்தப்பட்டார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாய் கலாவின் மீது விழுந்தது. போர்ச் சூழலால் தாயும் பிள்ளைகளும் சென்னைக்கு வந்து, வறுமையில் சில காலம் வாழ்ந்தனர். பின்னர் யாழ்ப்பாணம் திரும்பினாலும் அங்கு நிலைக்க முடியவில்லை. 1986இல் அவர்கள் அகதிகளாக இலண்டன் சென்றனர்.

கலையும் முதல் தொகுப்பும்

தென் இலண்டனின் மிட்சம் பகுதியில், அரசுக் குடியிருப்பு ஒன்றில் குடும்பம் தங்கியது. தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தார். மாயா ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றது அங்கேதான். பின்னர் சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரியில் கலையும் திரைப்படமும் பயின்றார். முறையான இசைப் பயிற்சி இல்லாத அவர், ரோலண்ட் எம்.சி.505 என்ற மின்னிசைக் கருவியைத் தாமே இயக்கிப் பழகிப் பாடல்கள் அமைத்தார். 2005இல் வெளிவந்த ‘அருளர்’ என்ற முதல் தொகுப்பு, பிரித்தானியாவின் மெர்குரி இசைப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

மீண்டும் சென்னை

2006இல் அமெரிக்க விசா கிடைப்பதில் தடை ஏற்பட்டது. அந்நாட்டில் இரண்டாம் தொகுப்பை உருவாக்கும் திட்டம் கலைந்ததால், இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் அவர் ஒலிப்பதிவு செய்தார். சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவுகள் நடந்தன. ‘பாய்ஸ்’ பாடலில் உறுமி மேளம் முழங்குகிறது. மற்றொரு பாடலில், ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா அமைத்த இசையின் ஒரு பகுதி ஒலிக்கிறது. ஊர்த் திருவிழாவின் முழக்கத்தை இலண்டன், நியூயார்க் இளைஞர்கள் ஆடிக் கேட்டனர். 2007இல் வெளிவந்த இத்தொகுப்புக்குத் தாயின் பெயரான ‘கலா’ என்பதையே சூட்டினார்.

2009: புகழும் பேரழிவும்

‘கலா’வில் இடம்பெற்ற ‘பேப்பர் பிளேன்ஸ்’, குடியேறிகளைப் பற்றிய அச்சத்தையும் ஏளனத்தையும் கேலி செய்யும் பாடல். அது கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2009 பிப்ரவரி 8 அன்று நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி மேடையில் பாடினார். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ரகுமானுடன் இணைந்து உருவாக்கிய ‘ஓ சாயா’ அதே மாதம் ஆஸ்கர் போட்டியில் இருந்தது.

அதே வாரங்களில் வன்னியில் இறுதிப் போர் நடந்தது. பல்லாயிரக்கணக்கான தமிழ்ப் பொதுமக்கள் ஒடுங்கிய நிலப்பரப்பில் சிக்கியிருந்தனர். விருது பற்றிய பேட்டிகளுக்கு அழைக்கப்பட்ட மாயா, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அம்மக்களைப் பற்றிப் பேசினார். அவர் பயங்கரவாதத்தை ஆதரிக்கிறார் என்று சிலர் குற்றஞ்சாட்டினர். அவர் அதை மறுத்தார். பாடகிக்கு அரசியல் எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. போர் அவ்வாண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. புகழின் உச்சியில் பேசியும் போரை நிறுத்த முடியவில்லை. ஆயினும், அதுவரை ஈழத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிராத பல இரசிகர்களிடம் அச்செய்தி சென்றது.

பின்னாளில்

2015இல் வெளியான ‘பார்டர்ஸ்’ பாடலின் காணொளியில், ஐரோப்பாவை நோக்கிப் படகேறிய அகதிகளின் நிலையைக் காட்டினார். அவரது வாழ்வைப் பற்றி இசுடீவ் லவ்ரிட்ஜ் இயக்கிய ஆவணப்படம் 2018இல் வெளிவந்தது. 2019இல் அவருக்குப் பிரித்தானியாவின் எம்.பி.ஈ. விருது அறிவிக்கப்பட்டது. அரச விருதுப் பதக்கங்களுக்கான தையல் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவர் அவருடைய தாய். அத்தகைய பதக்கம் ஒன்றை மகள் 2020 சனவரியில் பெற்றுக்கொண்டார்.

பெயர்களில் ஒரு வரலாறு

மாயா பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடுகிறார். ஆனால் அவரது முதல் நான்கு தொகுப்புகளின் பெயர்கள் அருளர், கலா, மாயா, மாதங்கி. தந்தை, தாய், தன் அழைப்புப் பெயர், தன் இயற்பெயர் என்பதே அவ்வரிசை. புலம்பெயர்ந்த பிள்ளைகள் பலர் அயலார் நாவுக்கேற்பத் தம் பெயரைச் சுருக்கிக்கொள்வதுண்டு. மாயாவோ தன் வீட்டுப் பெயர்களை உலகம் அப்படியே உச்சரிக்குமாறு செய்தார்.