திருகோணமலைத் துறைமுகமும் தொழில் திணைக்களமும்

தோட்டங்களுக்கு வந்த இந்தியத் தொழிலாளரின் நிலையைக் கண்காணிக்கும் பொருட்டே இலங்கையில் 1923ஆம் ஆண்டு தொழில் திணைக்களத்துக்கு வித்திடப்பட்டது. பின்னர் அதன் கடமைகள் படிப்படியாகப் பெருகின. 1935இல் தொழிற்சங்கப் பதிவும், 1941இல் சம்பளச் சபைகளும், 1942இல் தொழிற்சாலைப் பாதுகாப்பும், 1950இல் தொழிற்பிணக்குத் தீர்வும் சட்டமாயின. ஆணையாளர் கொழும்பிலிருப்பினும், பணித்தலத்துட் புகுந்து சம்பளப் பதிவேட்டைப் பார்ப்பவர் மாவட்டத்திலுள்ள தொழில் உத்தியோகத்தரே.

திருகோணமலையிலோ நெடுங்காலம் பலருக்கும் வேலை தந்தது பிரித்தானியக் கடற்படைத் தளம். 1957இல் அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, கப்பற்பட்டறையை நம்பி வாழ்ந்தோர் பலர் வேலையிழந்தனர். ஆட்குறைப்பைத் தடுக்கும் அதிகாரம் அன்று ஆணையாளருக்கு இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமே, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நீக்குவதற்கு அவரது சம்மதமோ ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ வேண்டுமென விதித்தது.

ஆயினும், அரசே தொழில்கொள்வோனாக நிற்குமிடத்து இச்சட்டம் செல்லாது. அரச பணியை அண்டி வளர்ந்த ஒரு துறைமுக நகருக்கு இவ்விதிவிலக்குச் சிறிதன்று. தொழிற்சட்ட வரலாற்றை அது காத்தவர்களைக் கொண்டு மட்டுமன்றி, காவாது விட்டவர்களைக் கொண்டும் எழுதுதல் வேண்டும்.