துளி பிரியும் விதி

மழை ஓய்ந்தபின் கூரையிறப்பிலிருந்து ஒழுகும் நீரை உற்று நோக்கின் ஓர் உண்மை புலப்படும். தொடக்கத்தில் ஒரே இழையாக இறங்கும் நீர், சற்றுக் கீழே துளிதுளியாகப் பிரிந்து வீழ்கின்றது. இழை ஏன் இழையாகவே நிலைப்பதில்லை?

1833ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுப் பெலிக்சு சவார் என்பார், சிறு துவாரத்தினின்று பாயும் நீர்த்தாரை துளிகளாவதை ஆராய்ந்து எழுதினார். அதன் விதியைக் காணும் பேறு, பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரப் பேராசிரியர் யோசப் பிளாற்றோவுக்கு வாய்த்தது. அவரோ 1840களிலேயே கண்ணொளியை முற்றும் இழந்தவர். எனினும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். நீரையும் மதுசாரத்தையும் எண்ணெயின் அடர்த்திக்கு ஒப்பக் கலந்து, அதனுள் எண்ணெயை மிதக்கவிடச் செய்தார். குடும்பத்தினரும் நண்பர்களும் கண்டு கூறினர். அவர் கருத்தினாற் கண்டார்.

திரவ உருளையொன்றின் நீளம் அதன் சுற்றளவை, அஃதாவது விட்டத்தின் ஏறக்குறைய 3.14 மடங்கை, விஞ்சுமாயின் அவ்வுருளை நிலைகுலையும் என்பது அவர் கண்ட முடிவு. மேற்பரப்பைச் சுருக்க முயலும் பரப்பிழுவிசையே இதற்குக் காரணம். நீண்ட இழை துளிகளாகும்போது மொத்த மேற்பரப்புக் குறைகின்றது. இம்முடிவுகளை அவர் 1873இல் இரு பாகங்கள் கொண்ட நூலாக வெளியிட்டார்.

1878இல் ஆங்கிலேயரான றேலிப் பிரபு, தாரையில் எழும் அலைகளுள் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 4.5 மடங்கு நீளமுடையதே மிக விரைவாக வளர்ந்து தாரையைத் துண்டிக்கும் எனக் கணித்தார். 1934இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜெப்ரி ரெயிலர், ஓடும் திரவத்தின் பாகுநிலை துளியை நீட்ட, பரப்பிழுவிசை அதனைத் திரட்ட, இவ்விரண்டின் போட்டியே துளியின் கதியைத் தீர்மானிக்கும் எனக் காட்டினார்.

2001இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தினர், மயிரிழை போன்ற கால்வாயில் எண்ணெயை ஓடவிட்டுப் பக்கவாயிலால் நீரைச் செலுத்தினர். நீர் அறுபட்டு, ஒழுங்கான துளிகளாயிற்று. 2004இல் அமெரிக்க அறிஞர் வேறொன்று கண்டனர். கால்வாய் இரண்டாகக் கிளைக்கும் இடத்தை அடையும் துளி இருபுறமும் இழுபடுகின்றது. அதன் நீளம் சுற்றளவை விஞ்சினால் இரண்டாகப் பிரிகின்றது. விஞ்சாவிடின் முழுமையாகவே ஒரு கிளையிற் செல்கின்றது. பிளாற்றோ கண்ட அதே அளவுதான் இங்கும் எல்லையாயிற்று.

இன்று மருத்துவ ஆய்வுகூடங்களில் ஒரு மாதிரியைச் சுமார் 20,000 நுண்துளிகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு சோதனைக்குழாயாகக் கொண்டு, நோய்க்குரிய மரபுப்பொருளை எண்ணுகின்றனர். 1883இல் மறைந்த பிளாற்றோ இக்கருவிகளை அறியார்.  ஆயினும் அவர் உணர்ந்த விதி, பிறர் கண்ணுக்குப் புலனாகாத நோயைக் காட்டும் பணியில் இன்றும் துணைநிற்கின்றது.