சதுர அடிக்கு எவ்வளவு? வீடு கட்டும் முன் கவனிக்கவேண்டியவை!

"சதுர அடிக்கு எவ்வளவுங்க?" வீடு கட்டப்போகும் எல்லோரும் கான்ட்ராக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஆனா, அந்த ரேட்டுக்குள்ள என்னவெல்லாம் அடங்கும்னு கேட்கிறதுதான் முக்கியம்.

ஒப்பந்தம்: சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர்வெல் எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு. சிமென்ட், கம்பி எந்த பிராண்ட், டைல்ஸ் என்ன விலை, நிலைக்கதவு எந்த மரம் என்பதுவரை எழுதி வாங்கிடுங்க.

அனுமதி: தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, மேலே ஒரு மாடியோ கட்ட, 2024 முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம். அனுமதி வாங்கிய பிளானை மீறிக் கட்டாதீங்க.

பணம்: அஸ்திவாரம், லின்டல், ரூஃப், பூச்சு என முடிந்த வேலைக்கு மட்டும் தவணை கொடுங்க. முன்கூட்டியே பணம் போயிட்டா, வேலை பாதியில் நின்றாலும் நீங்கதான் கான்ட்ராக்டர் பின்னால் அலையணும். கடைசித் தவணையை சாவி கைக்கு வரும்வரை நிறுத்தி வைங்க.

மாற்றங்கள்: சுவிட்ச் போர்டு, ஏ.சி, ஹீட்டர் எங்கே வரும் என்பதை ரூஃப் போடும் முன்பே முடிவுபண்ணுங்க. பூசிய சுவரை உடைத்தால் ரெட்டைச் செலவு.

அவசரம்: கிரகப்பிரவேசத் தேதியைக் குறிச்சுட்டு வேலையை விரட்டாதீங்க. ரூஃப் கான்கிரீட்டில் குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாளாவது தண்ணீர் தேங்கி நிற்கணும். அதில் மிச்சம் பிடிக்கும் நாள்கள், பின்னாடி விரிசலாகவும் ஒழுகலாகவும் திரும்பி வரும்!